பச்சை நூல் செருப்பும் இரண்டாம் வருகையும்

வருகையை நம்புகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பயம் உண்டு. பேய்ப் பயம், பாம்புப் பயம், கணக்கு டீச்சர் பயம் எல்லாம் ஊருக்கே பொது. எங்களுக்கு அதற்கு மேல் ஒன்று, காலி வீட்டுப் பயம்.

இயேசு ஒருநாள் மறுபடி வருவார், எக்காளம் ஊதும், அவரை நம்பினவர்கள் கண் இமைக்கிற நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருவேன். கதவு திறந்து கிடக்கும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அம்மாவைக் காணோம். அவ்வளவுதான், முடிந்தது. அம்மா மேலே போய்விட்டாள், நான் விடப்பட்டுவிட்டேன். ஏன் விடப்பட்டேன் என்பதும் உடனே ஞாபகம் வந்துவிடும் (காலையில் தங்கச்சியின் ரப்பரை எடுத்துக்கொண்டு, எடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்தது).

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். கட்டாயம் எடுத்துக்கொள்ளப்படக்கூடிய ஆள் ஒருவர் இன்னும் பூமியில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆள் பாஸ்டரம்மா. பையோடு தெருக்கோடிக்கு ஓடுவேன். பாஸ்டரம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பாடா! "என்னா ரூத்து, இப்புடி மூச்சு வாங்குது, தண்ணி வேணுமா?" என்பார்கள். வேண்டும் என்பேன். சின்ன வயதில் அந்த வீட்டில் நான் குடித்த தண்ணீருக்கு ஒரு போர்வெல்லே போட்டிருக்கலாம். அம்மாவோ எங்கள் வீட்டுக்குப் பின்னாலே மல்லித்தழை பறித்துக்கொண்டிருந்திருப்பாள்.

இப்படி நடுங்கி வளர்ந்த நான்தான், வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, கடைசிக் காலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி, என் கல்யாணத்துக்கே கடைசிக் காலத்தைக் கொண்டுவரப் பார்த்தேன்.

எங்கள் சபை அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கூப்பிடு தூரம் என்பதில்தான் சிக்கல். பாஸ்டர் வருகையைப் பற்றிப் பிரசங்கம் செய்து, "எக்காளம் எந்த நேரமும் தொனிக்கும்!" என்று கையை உயர்த்துகிற சமயம் பார்த்து ஏதாவது ஒரு லாரி ஏர் ஹாரனை அடித்துவிட்டுப் போகும். பாதிப் பேர் பாயிலிருந்து ஓர் அடி எழும்பி உட்காருவார்கள். அதில் நானும் ஒருத்தி.

அந்த வருஷம் சபையின் ஆண்டு விழாவுக்கு மலர் ஒன்று போடுவதாக முடிவானது. வருகைதான் பொருள். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "நாலு பக்கம் நீ எழுதும்மா" என்றார். நான் தமிழில் எம்.ஏ. படித்து ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். சபையின் ஒரே எழுத்தாளர் நான்தான் (கட்டுரைப் போட்டியில் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன்). கேட்டதும் தலை கால் புரியவில்லை.

ஒரு வாரம் செல்போனில் பிரசங்கமாகக் கேட்டுத் தள்ளினேன். கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்பப்போகிற அந்திக்கிறிஸ்துவுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுத்தார்கள். அவன் எல்லோர் மேலும் குத்தப்போகிற முத்திரை என்பது சோப்புக் கவர் மேல் இருக்கிற கோடுகள்தான் என்றார் ஒருவர். இல்லை, ஏ.டி.எம். கார்டு என்றார் இன்னொருவர். ஆதார் என்று ஒருவர், கைக்குள் வைக்கிற சில்லு என்று ஒருவர். நான் எல்லாவற்றையும் நம்பினேன். இரண்டு நாள் சோப்பே போடாமல் குளித்தேன். ஏழு வருஷ உபத்திரவம், ஆயிரம் வருஷ அரசாட்சி எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு, அம்பு போட்டு, நடுவில் பத்துக் கொம்புள்ள மிருகத்தை என் கையாலேயே வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "இது எருமையா?" என்றார்.

"மிருகமுங்க பாஸ்டர்."

"ரூத்து, இதப் படிச்சா நம்ம சபையில பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துரும். அவரு வர்றாருங்கறது நல்ல சேதிம்மா. கெட்ட சேதியாட்டம் எழுதியிருக்கியே. மனசத் தொடுறாப்பல ஒரு கதையா எழுதேன்."

மனசைத் தொட வேண்டுமாம். சரி, தொட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். அங்கேதான் பிடித்தது சனி.

இந்த இடத்தில் எங்கள் சபையின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். லேட்டாக வருகிறவர்கள் நேரே உள்ளே நுழைய மாட்டார்கள். வாசலில் நின்று செருப்புகளை ஒரு பார்வை பார்ப்பார்கள். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்பதெல்லாம் செருப்பை வைத்தே சொல்லிவிடுவார்கள். யார் செருப்பு எது என்பது சபையில் எல்லோருக்கும் அத்துப்படி, என் ஒருத்தியைத் தவிர. நான் ஞாயிறு பள்ளி நடத்த முதல் ஆளாக வந்துவிடுவேன். மதியம் தர்மபுரியில் டியூஷன் வகுப்பு இருந்ததால், கடைசி ஆசீர்வாதத்துக்கு ஆமென் சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுகிற முதல் ஆளும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தேன். எல்லோரும் போயிருந்தார்கள். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கறுப்புச் செருப்பு. இடது கால் வார் பிய்ந்து, பச்சை நூலால் தைத்திருந்தது. வெளியே ஜன்னல் கம்பியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடிவிட்டேன். ஆனால் தனியாகக் கிடந்த அந்தச் செருப்பு மட்டும் மனசிலேயே நின்றுவிட்டது. யாரோ ஒருவர் விடப்பட்டது போல இருந்தது. அட, கதை கிடைத்துவிட்டதே!

உட்கார்ந்து எழுதினேன். ஞாயிறு ஆராதனை நடக்கிறது, எக்காளம் தொனிக்கிறது, சபையே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வாசலில் செருப்புகள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன, போட்டுக்கொள்ளக் கால்களைத்தான் காணோம். அப்போது ஒரே ஒருத்தி உள்ளேயிருந்து தயங்கித் தயங்கி வெளியே வருகிறாள். பச்சை நூல் தைத்த கறுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத தெருவில் தனியாக நடக்கிறாள். கடைசி வரியைப் பாருங்கள்: 'ஞாயிறு தவறாமல் அவள் உடம்பு ஆலயத்துக்கு வந்தது. உள்ளம் வரவில்லை.'

இந்த வரியை எழுதிவிட்டு நானே எழுந்து போய்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? தலைப்புக்குக் கீழே, 'கர்த்தர் உணர்த்தியபடி எழுதியது' என்று வேறு போட்டுக்கொண்டேன். சபை மலர்களில் எழுதுகிற எல்லோரும் போடுவதுதான். உண்மையில் எனக்கு உணர்த்தியது குடை.

இதற்கிடையில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சாமுவேல், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், சபையில் தபேலா வாசிப்பவர். கம்பைநல்லூர்ப் பக்கமிருந்து அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு வந்து நிலம் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். அப்பா இல்லை. அம்மாவும் மகனும்தான். அம்மா பெயர் சரோஜா. அதிகம் பேசாத, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனுஷி. பாஸ்டரம்மாதான் பேச்சை எடுத்தார்கள். அதுவரை வந்த நாலைந்து மாப்பிள்ளைகளை மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று கழித்துக்கட்டிய நான், சாமுவேல் என்றதும் "உங்க இஷ்டம்மா" என்று தரையைப் பார்த்தேன். (என் இஷ்டம் என்னவென்று ஒவ்வொரு பாட்டுக்கும் தபேலாப் பக்கமே பார்த்த கண்ணைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.) ஆண்டு விழா அன்று சாயங்காலம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து நிச்சயத்துக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு.

ஆண்டு விழாவும் வந்தது. டியூஷனுக்கு லீவு போட்டுவிட்டுப் பட்டுப்புடவையில் நான். ஆராதனை முடிகிற நேரத்தில் மலரை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். பாஸ்டர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே படிக்கிற சத்தம் கேட்டது. நான் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்துகொண்டேன். எழுத்தாளர்கள் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று நினைப்பு.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். நடுவில் ஸ்டெல்லா அக்கா. மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அந்த அக்காவுக்கு.

"ஏ ரூத்து! கதையில வர்ற பச்ச நூலு செருப்பு இதானா?"

பார்த்தேன். அதே செருப்பு! எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஒரு எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"ஆமாங்க்கா! இதே செருப்புதான்! எப்புடிக் கண்டுபுடிச்சீங்க!"

ஸ்டெல்லா அக்கா கண்ணை ஒரு மாதிரி சிமிட்டினார்கள். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பாஸ்டரம்மா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன்! அதோடு வாயை மூடினேனா? வகுப்பெடுக்கிற குரலில் ஆரம்பித்துவிட்டேன்.

"இந்தச் செருப்புக்காரங்கள நெனச்சுத்தான் முழுக் கதையும் எழுதினேங்க. வாராவாரம் சர்ச்சுக்கு வருவாங்க, ஆனா மனசு எங்கியோ இருக்கும். அப்புடி ஒரு ஆளு எல்லாச் சபையிலயும் இருக்காங்க. நம்ம சபையிலயும் இருக்காங்க."

பந்திக்குத் தயிர்ப் பச்சடி வாளியைத் தூக்கிவந்த சாமுவேல் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். எல்லோரும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

சரோஜாம்மா நின்றிருந்தார்கள். அக்குளில் சுருட்டிய பாய் ஒன்று. பாய்களை எடுத்தால்தான் உள்ளே பந்தி போட முடியும். அன்றைக்கு மட்டுமில்லை, இந்தச் சபைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் போன பிறகு பாயெல்லாம் சுருட்டி, கூட்டிவிட்டு, ஜன்னல் சாத்திவிட்டுக் கடைசியாகப் போகிறவர்கள் அவர்கள்தான். எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸுக்கு ஓடுகிற எனக்குத் தெரியாது.

"செத்த நவுருங்கம்மா, செருப்பு போடணும்" என்றார்கள்.

கூட்டம் விலகியது. பாயைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பச்சை நூல் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் தனியாக நடந்து போனார்கள். நான் எழுதினபடியே, ஓர் எழுத்து பிசகாமல். சாமுவேல் வாளியை என் காலடியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். எங்கள் சபையில் பிரியாணி சாப்பிடாமல் ஒருவர் போகிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை. அட ஆண்டவரே, இப்போதே வந்து என்னை எடுத்துக்கொள்ளும் என்று மனசார ஜெபித்தேன். லாரிகூட ஹாரன் அடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் கேசரி தயார், பஜ்ஜி தயார், யாரும் வரவில்லை. "இன்னிக்கு வரலையாம், அப்பறம் சொல்றாங்களாம்" என்று பாஸ்டரம்மா போன் செய்தார்கள். அப்பறம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

"பைபிள்ல வர்ற ரூத்தாட்டம் மாமியாரோட கடைசி வரைக்கும் ஒத்துப் போவணும்னுதான இந்தப் பேரு வச்சேன்! நீ என்னான்னா, மாமியாரத் தனியா பூமியில விட்டுட்டு ஊரையே மேல ஏத்திட்டியே!"

அம்மா அழுதாள். அப்பா பஜ்ஜித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "விடப்பட்டவங்களுக்கு இதாவது இருக்குது" என்று சாப்பிட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பஜ்ஜியும் இறங்கவில்லை. சாமுவேல் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது. அதைவிட, அந்த அம்மா நடந்துபோன முதுகு கண்ணை விட்டுப் போகவே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் மொபெட்டை எடுத்தேன். "பொண்ணு போயி மாப்பிள்ள வூட்டு வாசல்ல நிப்பாளாடி? ஊரு என்னா நாயம் பேசும்?" என்று அம்மா கத்தினாள். பேசட்டும். ஊருக்குப் பேச நான் ஏற்கனவே நாலு பக்கம் அச்சடித்துக் கொடுத்தாயிற்று.

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே தக்காளித் தோட்டத்துக்குள் இருந்தது. சரோஜாம்மா மாட்டுக் கொட்டாயில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "ஒக்காரு. கறந்துட்டு வரேன்" என்றார்கள். கவிழ்த்து வைத்திருந்த தக்காளிக் கிரேடு பெட்டி மேல் உட்கார்ந்தேன். வாசலில் பச்சை நூல் செருப்பு. அதைப் பார்க்க முடியாமல் மாட்டைப் பார்த்தேன். மாடும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தது.

கறந்து முடித்து வந்து எதிரில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, சத்தியமா அது உங்க செருப்புன்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரியும் கண்ணு. சாமு சொன்னான். அதனாலதான் எனக்கு இன்னும் பயமாப் போச்சு."

"பயமா?"

"ஆளு தெரிஞ்சு எழுதியிருந்தா, இந்தப் புள்ளைக்கு எம்மேல ஏதோ கோவமின்னு விட்டிருப்பேன். போடின்னு நாலு வார்த்த வஞ்சிருப்பேன். ஆளே தெரியாம எஞ்செருப்ப எழுதியிருக்கற. மேல வேற, கர்த்தர் உணர்த்துனாருன்னு போட்டிருக்குது. அப்ப அவருதான உனக்குக் காட்டியிருக்கணும், இவ வர மாட்டான்னு?"

அவமானத்தில்தான் வராமல் இருந்துவிட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இதை ஒருவரும் நினைக்கவில்லை.

"நாங்க பரம்பரையா சர்ச்சுக்கு வந்தவங்க இல்ல" என்றார்கள். "சாமு அப்பா நோவுல கெடந்தப்பதான் ஜெபத்துக்குப் போனோம். அவரு சந்தோசமாத்தான் கண்ண மூடுனாரு. 'நான் முன்னால போறேன், நீ பொறவு வா சரோஜா'ன்னாரு, சந்தைக்குப் போறவராட்டம். எனக்கு வசனம் மனப்பாடமா வராது. பாட்டு பாதிதான் தெரியும், மீதிக்கு வாய மட்டும் அசைப்பேன். எனக்குத் தெரிஞ்சது கூட்டுறதும் பாய் சுருட்டுறதும். அது பத்துமா பத்தாதான்னு தெனமும் உள்ளுக்குள்ள ஒரு கேள்வி. நீ பதில அச்சடிச்சுக் குடுத்துட்ட. உடம்பு வந்துச்சு, உள்ளம் வரலன்னு."

நான் கண்ணாடியில் பார்த்து ரசித்த வரி அது. கிரேடு மேல் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன்.

"அம்மா, எனக்கு யாரும் எதையும் உணர்த்தலைங்க. நான் டியூஷன் பஸ்ஸுக்கு ஓடுனேன், குடைய மறந்துட்டேன், எடுக்க வந்தேன், செருப்பப் பாத்தேன், அவ்வளவுதாங்க. கர்த்தர் உணர்த்துனதா போட்டா பெருமையா இருக்கும்னு போட்டேன். எல்லாரும் போடுறாங்கன்னு போட்டேன். அவரு பேர்ல பொய்தான் எழுதியிருக்கேன். விட்டுட்டுப் போறதா இருந்தா மொதல்ல என்னத்தாங்க விட்டுட்டுப் போவாரு."

பிறகு என்ன தோன்றியதோ, காலி வீட்டுப் பயத்தையும் சொல்லிவிட்டேன். பால் பொங்கினதை, தங்கச்சியின் ரப்பரை, பாஸ்டரம்மா வீட்டுக்கு ஓடினதை எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

சரோஜாம்மா முகத்தில் முதல் முறையாக ஒரு அசைவு. "பாஸ்டரம்மா துணி காயப்போட்டுட்டு இருந்தாங்களா?"

"ஆமாங்க. அப்பறம் தண்ணி குடுத்தாங்க."

அவ்வளவுதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்ததா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை.

"படிச்ச புள்ள, பொறந்ததுலருந்து சர்ச்சுல இருக்கற. உனக்குமா இந்தப் பயம்?"

"இன்னைக்கும் இருக்குதுங்க."

"நான் எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார்கள். பிறகு டம்ளரில் பாலை ஊற்றி என் கையில் கொடுத்தார்கள். "குடி. கல்யாண நாயத்த அப்பறம் பாக்கலாம். நீ ஒண்ணு செய்யி. எல்லாரு முன்னாலயும் எழுதுன, எல்லாரு முன்னாலயும் திருத்து. எம்பேரு வேண்டாம். அந்தச் செருப்புக்காரி ஏன் கடைசியா வந்தா, உள்ள என்னா பண்ணிட்டு இருந்தா, அத மட்டும் சொல்லு."

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து நின்றேன். முதலில், கர்த்தர் உணர்த்தினார் என்று போட்டது பொய், உணர்த்தியது குடை என்றேன். சபை சிரித்தது. பிறகு கதையின் புது முடிவைப் படித்தேன்.

எக்காளம் தொனித்தது, எல்லோரும் போனார்கள். ஆனால் ஆண்டவர் மட்டும் சபை வாசலில், செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். போகலாமா என்று தூதர்கள் கேட்டார்கள். உள்ளே ஒருத்தி பாய் சுருட்டிக்கொண்டிருக்கிறாள், வரட்டும் என்றார். அவள் கூட்டி முடித்து, ஜன்னல் சாத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் நின்றார். வெளியே வந்தவள் பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடினாள். இனி அது வேண்டாம், வா என்றார்.

முன் வரிசையில் ஒரு பெரியவர், எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பவர், எழுந்தார். "இது எந்த வசனத்துல இருக்குது?"

நான் பாஸ்டரைப் பார்த்தேன். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "வசனத்துல இல்லைங்க. போன வாரத்துச் செருப்பும்தான் வசனத்துல இல்ல. ஆனா நான் அவர அறிஞ்ச வரைக்கும், நிப்பாருன்னுதான் தோணுது."

அந்த நேரம் பார்த்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஏர் ஹாரனை அடித்ததே பார்க்கணும்! சபையே பாயிலிருந்து துள்ளியது. ஆதாரம் கேட்ட பெரியவர்தான் எல்லோரையும்விட உயரமாகத் துள்ளினார். தபேலாவுக்குப் பின்னால் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சரோஜாம்மாவும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று நான் பஸ்ஸுக்கு ஓடவில்லை. எல்லோரும் போன பிறகு உள்ளே போய்ப் பாய் சுருட்ட ஆரம்பித்தேன். என் பாய் ஒரு முனை கூம்பாகவும் மறுமுனை விசிறியாகவும் வந்தது. சரோஜாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"எம்.ஏ. படிச்சியே, பாய நேரா சுருட்டச் சொல்லித் தரலையா?" என்று கேட்டுவிட்டு, பாயைப் பிடுங்கி உதறினார்கள். "சாயங்காலம் வரோம். பஜ்ஜி போடச் சொல்லு உங்கம்மாவ. சூடா போடச் சொல்லு."

இப்போது எனக்கு அவர்கள் அத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபை வாசலில் கடைசியாக இரண்டு ஜோடி செருப்பு கிடக்கும். ஒன்று என்னுடையது. வீட்டில் யார் எங்கே கிளம்ப லேட் செய்தாலும், "சீக்கிரம் வா, இல்லன்னா உன்னப் பத்திக் கத எழுதிருவா" என்பதுதான் பேச்சு. அப்பாவுக்குப் பஜ்ஜியைப் பார்த்தாலே 'விடப்பட்டவங்க பலகாரம்'. எந்த விசேஷமானாலும் பாஸ்டரம்மா என் முழங்கையைத் தொட்டு, "இது கிள்ளு இல்ல, சும்மா" என்பார்கள்.

போன மாதம் பள்ளிக்கூடம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "அத்தை!" என்றேன். பதில் இல்லை. சாமுவேல் கடைக்குப் போயிருந்தார். வாசலில் அத்தையின் செருப்பு மட்டும் கிடந்தது. செருப்பு இருக்கிறது, கால்களைக் காணோம். எனக்கு வயசாயிற்று, படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அத்தனையும் ஒரு நொடியில் பறந்துவிட்டது.

"அத்தை! அய்யோ அத்தை! போயிட்டீங்களா!" என்று அலறிக்கொண்டே பின்பக்கம் ஓடினேன்.

வெறுங்காலோடு, கன்றுக்குட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள் அத்தை. கட்டு அவிழ்த்துக்கொண்டு ஓடின கன்றைத் துரத்திப் பிடித்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னும் போவலடி" என்றார்கள். "உன்ன வுட்டுட்டுப் போனா, நீ என்னப் பத்தி என்னா எழுதுவியோன்னு பயந்துட்டே இருக்கறேன். போ, போயி மொதல்ல அடுப்ப அமத்து."